கேன் கழுத்துத் துணி

என் கடைக்கு வந்து "நல்ல டயரா ஒண்ணு குடுங்க" என்று கேட்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த மண்ணில் ஓட்டப் போகிறாய், அந்த மண் காய்ந்ததா நனைந்ததா, ஓட்டுகிற ஆள் எத்தனை கிலோ, வளைவில் பயப்படுகிற ஆளா இல்லையா, இது ஒன்றையும் சொல்லாமல் நல்ல டயர் என்றால் நான் எதைத் தூக்கிக் கொடுப்பது? இருபத்திரண்டு வருடமாக மண்ணில் ஓட்டுகிற பந்தய பைக்குகளுக்கு டயரும் கிரீஸும் ஆயிலும் விற்கிறேன். ரோட்டில் ஓட்டுகிற வண்டிக்கு டயர் கேட்டு வந்தால் அடுத்த தெருவைக் கையைக் காட்டிவிடுவேன். டயரக்காவுக்குத் திமிர் என்பார்கள். இருக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

எனக்கு நேர் எதிரே ஒர்க்‌ஷாப். கீழே ஷட்டர், மேலே இரண்டு அறை வீடு. அங்கே மூன்று பேர். மெக்கானிக், அவன் பெண்டாட்டி, அவன் அப்பா. பெண்டாட்டிக்குப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை என்பதால் தெருவுக்கே அவள் கொரியர். காலையில் ஸ்கூட்டரில் அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டு கிளம்பினால் மத்தியானம் மூன்றுக்குத் திரும்புவாள். அப்பாவை எல்லோரும் லாண்டரி மாமா என்போம். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பது வருடம் துணி துவைக்கிற மெஷின்களை மேய்த்தவர். ஓய்வு பெற்றது உடம்புதான், கை இன்னும் பெறவில்லை. அவர் கண்ணில் படுகிற எந்தத் துணியும் ஒரு நாளைக்கு மேல் அழுக்காக இருக்க முடியாது. போன வருடம் என் கடைத் திரைச்சீலையைக் கேட்காமல் கழற்றிக்கொண்டு போய் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து மாட்டினார்.

மெக்கானிக்கும் கொரியரும் பந்தய மைதானத்தில் பார்த்துப் பழகிக் கட்டிக்கொண்டவர்கள். அன்றும் நீ, வா, போதான், இன்றும் அப்படித்தான். அவள் ஓட்டுவாள், அவன் நட்டு போல்ட்டு முடுக்குவான். அந்தக் காலத்தில் அவள் ஓட்டுவதைப் பார்க்க நான் கடையைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் மைதானத்தின் மூன்றாவது வளைவில், சரிவில் இறங்கித் திரும்புகிற இடத்தில், வண்டி சறுக்கித் தோள் எலும்பு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது. அதற்கப்புறம் மூன்று பந்தயம் ஓட்டினாள். மூன்றிலும் அந்தச் சரிவு வந்ததும் ஆக்சிலேட்டரைப் பிடித்த கை தானாகத் தளர்ந்தது. மற்றவர்கள் சர்சர்ரென்று தாண்டிப் போனார்கள். மூன்றிலும் கடைசி.

நான்காவது பந்தயம் அந்த ஞாயிற்றுக்கிழமை. செவ்வாயும் புதனும் நல்ல மழை. சண்டை புதன்கிழமை சாயங்காலம் என் கடையில், என் கண் முன்னால், என் டயர்களை வைத்தே நடந்தது.

மெக்கானிக் சேற்று டயரைக் கையில் எடுத்தான். ரப்பர் கட்டைகள் உயரமாக, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும். சேறு நடுவில் அடைத்துக்கொள்ளாமல் உதறிக்கொண்டு போகும்.

"இதுதான். ரெண்டு நாள் மழை, மைதானம் களியாக் கெடக்கும்" என்றான்.

"இன்னிக்கா ரேஸு? ஞாயித்துக்கெழமை மூணு மணிக்கு. அதுக்குள்ள காஞ்சிடும். காஞ்ச மண்ணுல இத வச்சுக்கிட்டு வளைஞ்சா, கட்டை மடங்கி வழுக்கும். நடுத்தர டயரப் போடு" என்றாள் கொரியர்.

"காயாது."

"காயும். ஓட்டுறது நானா நீயா?"

அவன் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது. டயரைக் கீழே போட்டான்.

"மூணாவது வளைவுல கையத் தளர்த்துறவளுக்கு எந்த டயரா இருந்தா என்ன?"

சொன்ன மறு நொடியே அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். விழுந்த பாத்திரத்தைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி கையை நீட்டினான். அவள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து மாடிக்குப் போய்விட்டாள்.

"அக்கா, நான் அப்படிச் சொல்ல வரல" என்றான் என்னிடம்.

"என்கிட்ட ஏன்டா சொல்ற? போய் அவகிட்ட சொல்லு, மடையா."

போகவில்லை. ஆம்பளைக்கு நாக்கு நீளுகிற அளவுக்குக் கால் நீளுவதில்லை. அவன் சேற்று டயரையே எடுத்துக்கொண்டு போய் மாட்டினான். அன்றைக்கு நின்ற பேச்சு, வியாழனும் நின்றது, வெள்ளியும் நின்றது.

பேச்சு நின்றதே தவிர வேலை நிற்கவில்லை. அந்த வீட்டில் அதுதான் வேடிக்கை. வியாழக்கிழமை காலையில் நான் டீ குடிக்க எதிரே போனேன். சமையல் மேடைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

"மாமா, முட்டை வெந்துடுச்சுன்னு சொல்லுங்க" என்றாள்.

"டேய், முட்டை வெந்துடுச்சாம்டா" என்றார் லாண்டரி மாமா.

"ரெண்டு போதும்னு சொல்லுப்பா."

"ரெண்டு போதுமாம்மா."

"மூணு வெச்சிருக்கேன், தின்னா தின்னட்டும்னு சொல்லுங்க மாமா."

மாமா என்னைப் பார்த்தார். "ஆஸ்பத்திரியில முப்பது வருஷம் வேலை பாத்தேன்மா. இவ்வளவு வேலை இருந்ததில்ல" என்றார். மூன்றாவது முட்டையில் மிளகு கறுப்பாக அப்பியிருந்தது. மெக்கானிக் இருமிக்கொண்டே மூன்றையும் தின்று முடித்தான்.

மத்தியானம் வேலையிலிருந்து திரும்பியதும் அவள் என் கடைக்கு வந்து தண்ணீருக்குக் கரையாத கிரீஸில் ஒரு டப்பா வாங்கினாள். சேற்றில் ஓட்டிய வண்டியைக் குழாய்த் தண்ணீரில் பீய்ச்சிக் கழுவுவோம் இல்லையா, சாதாரண கிரீஸ் ஒரே கழுவில் போய்விடும், பேரிங் கிறீச்சிடும். பின் சக்கரத்துப் பேரிங்குக்கும் சஸ்பென்ஷன் மூட்டுகளுக்கும் அவளே விரலால் வைத்து அழுத்தினாள். அவள் மாடிக்குப் போனதும் அவன் வந்து அதே டப்பாவைத் திறந்து அதே பேரிங்குக்கு மறுபடி வைத்தான். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டு வைத்தால் சண்டை என்மேல் திரும்பும். கிரீஸ்தானே, இரண்டு தடவை வைத்தால் பிதுங்கும், துடைத்துக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் வந்து கூப்பிட்டாள். "அக்கா, உங்க வேன்ல மைதானம் வரைக்கும் போயிட்டு வரலாமா? மண்ணைப் பாக்கணும்."

போனோம். இரவுப் பனியும் சேர்ந்து மண் ஊறிக் கிடந்தது. மூன்றாவது வளைவில் குத்துக்காலிட்டு ஸ்க்ரூடிரைவரை இறக்கினாள். கைப்பிடிவரை போனது. அவள் முகம் தொங்கிவிட்டது.

"அவன் சொன்னதுதான் சரிபோலக்கா. சேற்று டயர்தான் வேணும். அவன்கிட்ட சொல்லிடாதீங்க, தலைகால் புரியாம ஆடுவான்."

"நான் எதுக்குச் சொல்றேன்?"

அவள் எழுந்திருக்கவில்லை. சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவன் சொன்னதுக்குக் கோவம் வரல. உண்மைங்கிறதுதான் வலிக்குது. இங்க வந்தா கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. இந்தத் தடவையும் தளர்ந்துச்சுன்னா வண்டிய யாருக்காவது குடுத்துடுவேன். அப்புறம் ஏறவே மாட்டேன். சத்தியமா."

அவளைப் போல ஓட்டுகிறவளை நான் பார்த்ததில்லை. அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வேனைக் கிளப்பினேன்.

அதே நாள் மத்தியானம் மூன்று மணிக்கு மெக்கானிக் வந்து நின்றான். "அக்கா, மைதானம் வரைக்கும்..." என்று ஆரம்பித்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி வேனை எடுத்தேன். வெயில் உச்சந்தலையைப் பிளந்தது. அதே வளைவு, அதே குத்துக்கால், சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவர். பாதிதான் இறங்கியது. மேலே மண் பொருக்குத் தட்டிவிட்டது. காலையில் அவள் குத்திய ஓட்டை பக்கத்திலேயே இருந்தது, அவன் கவனிக்கவில்லை.

"அவ சொன்னதுதான்கா சரி. நடுத்தரம்தான். ரேஸு இதே நேரம்தானே? நாளைக்கும் வெயில் அடிச்சா இன்னும் காயும். அவகிட்ட சொல்லிடாதீங்க."

"உங்க ரெண்டு பேரையும் ஒரே கயித்துல கட்டிக் கிணத்துல எறக்கணும்டா" என்றேன்.

சனிக்கிழமை அவள் பார்சல் கொடுக்கப் போயிருந்த நேரத்தில் அவன் வந்து நடுத்தர டயரை வாங்கிக்கொண்டு போனான். ரிம்மிலிருந்து பழையதைக் கழற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் புதியதை உட்கார வைத்து, காற்றைப் பன்னிரண்டு பவுண்டில் நிறுத்தினான். பந்தய பைக்குக்குக் காற்று குறைவாகத்தான் இருக்க வேண்டும், அப்போதுதான் டயர் மண்ணைப் பிடிக்கும். மூன்று மணிக்கு அவள் திரும்பினாள். ஸ்கூட்டரை நிறுத்தியவள் பின் சக்கரத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். அவன் தலையைக் குனிந்து எதையோ தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் டயரை விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு நேரே என் கடைக்கு வந்தாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். எறங்கி வந்துட்டான்ல? நீயும் கொஞ்சம் எறங்கேன்."

"டயரை மாத்திட்டான். சொன்ன வார்த்தைய மாத்தலையே" என்றாள். ஆனால் சிரித்தாள். மூன்று நாளில் முதல் சிரிப்பு. போகும்போது கல்லாமேல் இருந்த என் பன்னை எடுத்துத் தின்றுகொண்டே போனாள்.

இப்போது அந்தத் துணி விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவர்களுடையது பழைய வண்டி. அந்த மாதிரி வண்டியில் எஞ்சினுக்குத் தனி ஆயில் கிடையாது, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். ஐந்து லிட்டர் கேனுக்கு நூற்று இருபத்தைந்து மில்லி. கலக்காமல் ஊற்றினால் எஞ்சின் இறுகிச் செத்துவிடும். இரண்டு தடவை கலந்துவிட்டால் புகை கக்கும், கொஞ்சம் நிதானமாக ஓட்டினாலே பிளக் நனைந்து அணைந்துவிடும். கலந்த பெட்ரோலைப் பார்த்து, கலந்தது ஒரு தடவையா இரண்டு தடவையா என்று சொல்ல யாராலும் முடியாது. அதனால் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். கலந்தவர் கேன் கழுத்தில் ஒரு துணியைக் கட்டிவிட வேண்டும். துணி இருந்தால் கலந்தாயிற்று, இல்லாவிட்டால் இல்லை. அவர்கள் பேசிக்கொண்டிருந்த நாட்களில்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை. துணி பேசிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள், வண்டிகள் அதிகம் வந்துபோகிற பங்க்கில், பழசாகாத பெட்ரோலாகப் பார்த்து ஐந்து லிட்டர் பிடித்துக்கொண்டு வந்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் கீழே இறங்கி வந்து எதையோ அளந்து ஊற்றியதைப் பார்த்தேன். அப்புறம் என் கடைக்குச் சரக்கு வந்துவிட்டது. இரண்டு மணிக்கு எல்லோரும் என் வேனில் ஏறினோம். பின்னால் வண்டியும் கேனும். கேன் கழுத்தில் துணி கட்டியிருந்தது. முன்னால் நான்கு பேரும் நெருக்கிக்கொண்டோம். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் மாமாவை உட்காரவைத்தார்கள்.

மைதானத்தில் ஈ மொய்க்கிற மாதிரி கூட்டம். பெண்கள் பிரிவில் பன்னிரண்டு பேர், எட்டு சுற்று. டேங்கில் கொஞ்சம் பழைய பெட்ரோல் கிடந்தது. அதில் அவள் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். மெக்கானிக் கேன் கழுத்தில் துணி இருப்பதை மட்டும் பார்த்தான், அவிழ்த்துப் பக்கத்தில் போட்டான், ஐந்து லிட்டரையும் டேங்கில் ஊற்றினான். அவள் ஏறி உட்கார்ந்தாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ஒலிபெருக்கி கூப்பிட்டது. அவள் வரிசையில் போய் நின்றாள். கம்பித் தடுப்பைச் சாத்தினார்கள். அதற்கப்புறம் யாரும் வண்டியைத் தொடக் கூடாது.

வெயிலில் வியர்த்துக் கொட்டியது. மாமா பையிலிருந்து ஒரு துணியை எடுத்து முகத்தைத் துடைத்தார். நான்காய் மடித்து, ஓரம் பிசகாமல் இஸ்திரி போட்ட துணி. மெக்கானிக் அதையே பார்த்தான்.

"அப்பா, இது ஏது?"

"கேன்ல கட்டி வெச்சிருந்தீங்களே, அது. கன்னங்கரேல்னு கெடந்துச்சு. காலையில எடுத்துத் துவைச்சுட்டேன். வெளுப்பு பாத்தியா?"

மெக்கானிக் கீழே கிடந்த இன்னொரு துணியைப் பார்த்தான். பச்சைக் கட்டம் போட்ட வேறு துணி.

"அப்போ இதக் கட்டுனது யாரு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் கலந்து கட்டினான். மாமா அவிழ்த்துத் துவைத்தார். துணி இல்லாத கேனைப் பார்த்து அவள் மறுபடி கலந்து, வேறு துணி கட்டினாள். பேசிக்கொண்டிருந்தால் "கலந்தாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாள்.

அந்த நேரம் பார்த்து வரிசையில் பன்னிரண்டு எஞ்சினும் உறுமின. பதினொன்று சுத்தமாக உறுமியது. ஒன்றிலிருந்து குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பி, பின்னால் நின்ற கொடிக்காரரையே காணோம்.

"அய்யோ" என்றான் மெக்கானிக். "தளர்த்துனா அணைஞ்சிடும்கா. மூணாவது வளைவுல அவ தளர்த்துவா. அணைஞ்சிடும்."

கொடி இறங்கியது. அவன் மாமா கையிலிருந்த துணியைப் பிடுங்கிக்கொண்டு மூன்றாவது வளைவுக்கு ஓடினான். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். என் உடம்புக்கு அது ஓட்டமே இல்லை, உருளல்.

நாங்கள் கம்பி வேலியைப் பிடிக்கவும் முதல் சுற்றில் அவள் சரிவின் தலைக்கு வரவும் சரியாக இருந்தது. ஏழாவதாக வந்தாள். இறங்கினாள். கை தளர்ந்தது, கண்ணால் பார்த்தேன். எஞ்சின் ஒரு இருமல் இருமியது, இன்னொன்று இருமியது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். மெக்கானிக் வேலிமேல் பாதி ஏறி நின்று, துணியைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினான்.

"தளர்த்தாதே! முறுக்கு! கையத் தளர்த்தாதே!"

இரண்டு வருடமாக இதே வேலியில் நின்றுகொண்டு "மெதுவா, மெதுவா" என்று கத்திய ஆள் அவன்.

அவள் திரும்பிப் பார்த்தது அரை நொடிகூட இருக்காது. கை முறுக்கியது. எஞ்சின் இருமலை விழுங்கிக்கொண்டு கிளம்பியது. பின் டயர் மண்ணைக் கவ்வி வாரியிறைத்ததில் எங்கள் இரண்டு பேர் முகத்திலும் மண். துப்பிக்கொண்டே குதித்தோம்.

இரண்டாவது சுற்றில் சரிவில் இறங்கும்போது கை தளரவில்லை. மூன்றாவதில் இன்னும் வேகம். புகை அவளுக்குப் பின்னால் ஒரு வால் மாதிரி நீண்டது. அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் அதில் நுழைந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது என்று அவள் ஏற ஏற ஒலிபெருக்கிக்காரர் பெயர் சொல்வதை விட்டுவிட்டு "அதோ புகை, அதோ புகை" என்று கத்த ஆரம்பித்தார். எட்டாவது சுற்றில் அந்தச் சரிவில் அவள் இறங்கியதை என்னால் சொல்லிக் காட்ட முடியாது. விழுவதற்கு முன்னால் ஓட்டினாளே, அதே ஓட்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்.

இரண்டாவதாக முடித்தாள். கோட்டைத் தாண்டியதும்தான் கையைத் தளர்த்தினாள். இருபது அடி தாண்டவில்லை, எஞ்சின் பொட்டென்று அணைந்தது. இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே தள்ளிக்கொண்டு வந்தாள். மூன்றாவதாக வந்த பெண் முகமெல்லாம் கரியோடு பக்கத்தில் வண்டியை நிறுத்தினாள்.

"ஏன்க்கா, ரேஸு ஓட்டுனீங்களா, கொசு மருந்து அடிச்சீங்களா?"

மெக்கானிக் மூச்சிரைக்க வந்து நின்றான். நாலு நாளைக்கப்புறம் நேருக்கு நேர்.

"நீயும் கலந்தியா?" என்றான்.

"துணி இல்ல, கலந்தேன். நீயுமா?"

"நானும்தான். அப்பா துணிய..."

"அழுக்குத் துணியத் துவைச்சது ஒரு குத்தமா?" என்று மாமா பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "அடுத்த தடவை வேணும்னா ரெண்டையும் துவைச்சுடறேன்."

சிரித்து முடிக்க நேரமானது. மெக்கானிக் மட்டும் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"நான் கத்துனது கேட்டுச்சா?"

"அந்தச் சத்தத்துல என்ன கேக்கும்? ஆனா மெதுவான்னு கத்தலன்னு தெரிஞ்சுது. மெதுவான்னு கத்துறப்ப உன் மூஞ்சி அழற மாதிரி இருக்கும். இன்னிக்கு அப்படி இல்ல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அன்னிக்கு டயர் கடையில சொன்னேன்ல. எந்த டயரா இருந்தா என்னன்னு. அது தப்பு."

"தப்புதான்" என்றாள். அவன் கையிலிருந்த துணியை வாங்கித் தன் முகத்தைத் துடைத்தாள். வெள்ளைத் துணி மறுபடி கன்னங்கரேலென்று ஆனது. அதை அவன் தோளில் போட்டாள். "சரி, அடுத்த மாசம் மணல் மைதானம். அதுக்கு என்ன டயர் போடலாம், சொல்லு."

திரும்பி வரும்போது மாமாவை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள். வழி முழுக்க டயர் சண்டைதான். அவன் ஒன்று சொன்னால் அவள் இன்னொன்று சொன்னாள். வேனே அதிர்ந்தது. மாமா, அவன் தோளில் கிடந்த கரித்துணியையே கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு வந்தார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். மணலுக்கு இரண்டு பேர் சொன்ன டயரும் சரியில்லை. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை.